பயந்த கதை எது? சரியாக எந்த இடத்தில் பயந்தீர்கள்?

முப்பந்தல்காரி எழுதியது:

கேட்டதிலோ படித்ததிலோ உங்களை உண்மையாகவே பயமுறுத்திய கதை எது? பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எந்த இடம் வந்தபோது உடம்பு சில்லிட்டது, அந்த இடத்தைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது ஆரல்வாய்மொழிப் பக்கம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் எங்களுக்குக் கிட்டத்தில்தான். இப்போது அந்த வழியாகப் போகிறவர்களுக்குக் காற்றாலைகள்தான் முதலில் கண்ணில் படும். நான் சொல்வது 1987ஆம் வருஷம், ஆடி மாதம். எனக்கு ஒன்பது வயது. காற்று கணவாய்க்குள் புகுந்து வந்தால் ஓடுகள் கடகடவென்று ஆடும், உடனே கரண்ட் போய்விடும். அப்படி ஒரு ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கை நடுவில் வைத்துக்கொண்டு ஆச்சி நீலி கதையைச் சொன்னாள்.

வில்லுப்பாட்டில் அதை முன்பே கேட்டிருக்கிறேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வில்லடிக்க வருகிறவர்கள் நள்ளிரவுச் சாமக்கொடை வரைக்கும் பாடுவார்கள். நான் பாதியிலேயே அம்மா மடியில் தூங்கிப்போவேன். ஆச்சி சொன்ன அன்றைக்குத்தான் முழுக்கதையும் தெரிந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வேதியன், கோயிலில் ஆடுகிற லட்சுமி என்ற பெண்ணின் வீட்டில் கைப்பொருளை எல்லாம் கரைத்துவிடுகிறான். காசு தீர்ந்ததும் அவளுடைய தாய் அவனைத் துரத்திவிடுகிறாள். லட்சுமிக்கு மனசு கேட்கவில்லை, நகையெல்லாம் போட்டபடியே அவன் பின்னால் போகிறாள். கள்ளிக்காட்டில் களைத்துப்போய் அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். அவன் மணலைக் குவித்து, அவள் தலையை மெதுவாக அதன்மேல் இறக்கி வைத்துவிட்டு, கல்லைத் தூக்கிப் போடுகிறான். சாகும்போது பக்கத்தில் நின்ற கள்ளியை அவள் சாட்சி வைக்கிறாள். அடுத்த பிறவியில் அவன் ஆனந்தன் என்ற செட்டி. அவள் நீலி.

வியாபாரத்துக்குப் போகிற வழியில் பழையனூர்க் காட்டில் அவனைப் பார்த்துவிடுகிறாள். அவன் கையில் மந்திரித்த கத்தி இருப்பதால் நெருங்க முடியவில்லை. ஒரு கள்ளிக் கொப்பை ஒடிக்கிறாள். அது கைக்குழந்தையாகிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஊருக்குள் ஓடிவருகிறாள். ஊர்ச்சபையில் எழுபது பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டு ஓடுகிறார்’ என்று அழுகிறாள். நீலிக்கண்ணீர் என்று நாம் சொல்வது இந்த அழுகையைத்தான். ‘இவள் பெண்ணே இல்லை, பேய்’ என்று அவன் கதறுகிறான். சரி, பிள்ளையைக் கீழே விடு, யாரிடம் போகிறது பார்ப்போம் என்கிறார்கள். அது தவழ்ந்து நேராக அவனிடம் போய் ‘அப்பா’ என்கிறது.

இந்த இடத்தில் ஆச்சி குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. விளக்குத் திரியை மட்டும் கொஞ்சம் குறைத்தாள். எண்ணெய் மிச்சப்படுத்தத்தான்.

அந்த எழுபது பேரும் நல்லவர்கள். எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது அதுதான். குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறோம் என்றுதான் நினைக்கிறார்கள். ‘கத்தி கையில் இருந்தால் ராத்திரி என்னைக் கொன்றுவிடுவார்’ என்று அவள் சொன்னதும், நியாயம்தானே என்று கத்தியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவனுக்கும் ஆறுதல் சொல்கிறார்கள்: ‘உனக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம்.’ இரண்டு பேரையும் ஒரு வீட்டுக்குள் விட்டு வெளியே நாதாங்கியைப் போடுகிறார்கள்.

விடிந்ததும் அவன் எப்படிக் கிடந்தான் என்பதை ஆச்சி விலாவாரியாகத்தான் சொன்னாள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. கதை முடிந்ததும் அவள் எழுந்து போய் எங்கள் வீட்டுப் பின்கதவின் இரும்பு நாதாங்கியைப் போட்டாள். தினமும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு எனக்குக் கால் உதறிவிட்டது. கதவு அடைத்தால் பத்திரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

நீலி சுவரேறிக் குதித்து வரவில்லை. ஊரே கூடி, விசாரித்து, சாட்சி கேட்டு, அவனைக் கொண்டுபோய் அவளிடம் விட்டது. உண்மை சொன்னவன் ஒரே ஒருத்தன், அவன் பக்கம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

எட்டாம் வகுப்பில் ஒருமுறை வகுப்புப் பணம் காணாமல் போனது. என் பையில் கசங்கின நோட்டு ஒன்று இருந்தது, கொடைக்கு ஆச்சி கொடுத்த காசு. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ‘ஒத்துக்கொண்டால் ஒன்றும் செய்ய மாட்டோம்மா’ என்று தலையைத் தடவினார்கள். நான் மறுக்க மறுக்க அவர்கள் முகத்தில் பரிதாபம்தான் கூடியது. அப்போது எனக்கு ஆனந்தன் செட்டிதான் நினைவுக்கு வந்தான். ஒன்பது வயதில் ஏன் பயந்தேன் என்று பதின்மூன்று வயதில் புரிந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நீலியைத்தான் நாங்கள் இசக்கியம்மை என்று கும்பிடுகிறோம். அவளை நான் பேய் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகளுக்குத் தொட்டில் கட்டினது முப்பந்தலில்தான். கல் போட்டுக் கொல்லப்பட்டவள் அவள். எனக்கு அவள்மேல் பயமே கிடையாது. பயமெல்லாம் அந்த எழுபது பேர்மேல்தான்.

இனி நீங்கள் சொல்லுங்கள்.

ஆலங்காட்டு வாத்தியார் எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் கதையில் வருகிற பழையனூர் எங்கள் பக்கம். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் நடுவில் திருவாலங்காடு ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும். எழுபது வேளாளர் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடத்தை இன்றும் காட்டுவார்கள், அவர்களை நினைத்து எழுப்பிய மண்டபமும் உண்டு. என் பாட்டி சொன்னதில் கள்ளிக் கொப்பு வராது, கரிக்கட்டை வரும். மற்றதெல்லாம் நீங்கள் சொன்ன மாதிரிதான்.

இந்தக் கதை எவ்வளவு பழையது என்று உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் திருவாலங்காட்டில் பாடிய பதிகத்தின் முதல் பாட்டிலேயே ‘வஞ்சப்படுத்து ஒருத்தி வாணாள் கொள்ளும் வகை’ என்று வருகிறது. நீலி என்ற பெயர் இல்லை. ‘ஒருத்தி’, அவ்வளவுதான். ஊருக்கே தெரிந்திருந்தால்தான் அப்படிப் பெயர் சொல்லாமல் பாட முடியும். பின்னால் உமாபதி சிவாசாரியார் சேக்கிழார் புராணத்தில் நீலி, வணிகன், எழுபது பேர், தீக்குழி எல்லாவற்றையும் சொல்கிறார். எனக்கு என்னவோ அந்த ‘ஒருத்தி’தான் அதிகம் பயமாக இருக்கிறது.

இதே ஆலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையாரும் பாடினார். பேய் உருவம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர் அவர். மூத்த திருப்பதிகம் ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து’ என்றுதான் ஆரம்பிக்கிறது. குழி விழுந்த வயிறு, சிவந்த முடி, நீண்ட பல், உயர்ந்த கணைக்கால் என்று ஒரு பெண்பேயை அங்கம் அங்கமாகக் காட்டுகிறார். நான் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாட்டையும் நீலி கதையையும் ஒரே வாரத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அம்மையாரின் பேயைப் பிள்ளைகள் ஆசையாகப் படம் வரைந்து கொண்டுவந்தார்கள். ஒரு பெண் கலர் அடித்தே கொண்டுவந்தாள். நீலியை ஒருவரும் வரையவில்லை. வரைவதற்கு என்ன இருக்கிறது? இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், அவ்வளவுதானே. பேயை முழுக்கக் காட்டிவிட்டால் அது நமக்குப் பழகிவிடுகிறது. நீலியிடம் பழகிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஏற்கெனவே பழகின உருவம்தான் அது.

ஒரு இடத்தில் மட்டும் உங்களோடு மாறுபடுகிறேன். நீங்கள் அந்த எழுபது பேரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு மறுநாள் காலைதான் பயம். கதவைத் திறக்கிறார்கள், தாங்கள் செய்தது என்ன என்று தெரிகிறது. யாரும் அவர்களைப் பிடித்துக் கட்டவில்லை. பேசாமல் கலைந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். விறகை அடுக்குகிறார்கள். அந்த வரிசையில் நாற்பதாவது ஆளாக நின்றால் நான் நகர்ந்து போவேனா, நிற்பேனா? இந்த வயதிலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

டோக்கியோவில் தஞ்சாவூர்க்காரன் எழுதியது:

அக்கா, கதவு அடைத்தால் பத்திரம் என்று நினைத்திருந்தேன் என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. என் கதையும் அதுதான். அதில் கதவுக்குப் பதில் விளக்கு.

ஆறு வருஷமாக டோக்கியோவில் இருக்கிறேன். இங்கே அகாசாகா பக்கம் ‘கீ-நோ-குனி-சாகா’ என்று ஒரு மேட்டுச் சாலை உண்டு. ஒரு பக்கம் பழைய அகழி, மறுபக்கம் அரண்மனை மதில். லஃப்காடியோ ஹெர்ன் 1904இல் வெளியிட்ட ‘க்வாய்டான்’ தொகுப்பில் ‘முஜினா’ கதை நடப்பது இந்த மேட்டில்தான். இரண்டு மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். ஹெர்ன் கிரேக்கத் தீவில் பிறந்து, ஜப்பானுக்கு வந்து, ஜப்பான் குடிமகனாகவே மாறினவர். பழைய ஜப்பானியப் புத்தகங்களில் இருந்த கதைகளையும் காதால் கேட்ட கதைகளையும் தன் நடையில் எழுதிவைத்தார்.

ராத்திரி ஒரு வயதான வியாபாரி இந்த மேட்டில் ஏறிப் போகிறார். அகழி ஓரம் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்து அழுகிறாள். தண்ணீரில் விழுந்துவிடப் போகிறாளே என்று பக்கத்தில் போய், ‘அழாதேம்மா, என்ன கஷ்டம் சொல்லு’ என்கிறார். அவள் எழுந்து, முகத்தை மறைத்த கையை எடுத்து முகத்தைத் தடவுகிறாள். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. அலறிக்கொண்டு ஓடுகிறார். எங்கே பார்த்தாலும் இருட்டு. தூரத்தில் மின்மினி மாதிரி ஒரு விளக்கு. கிட்டே போனால் நடைபாதையில் சோபா நூடுல்ஸ் விற்கிறவனுடைய லாந்தர். அவன் காலடியில் போய் விழுகிறார். மூச்சு வாங்குகிறது, வார்த்தை வரவில்லை. அவள் என்னவோ காட்டினாள், என்ன காட்டினாள் என்று சொல்ல முடியவில்லை என்கிறார். ‘ஓகோ, இது மாதிரியா காட்டினாள்?’ என்று கேட்டபடி அவன் தன் முகத்தைத் தடவுகிறான். முகம் முட்டை மாதிரி ஆகிறது. விளக்கும் அணைகிறது.

முதலில் அந்தப் பெண் திரும்புகிற இடத்தில்தான் எல்லோரும் திடுக்கிடுவார்கள், நானும்தான். ஆனால் மறுநாளும் மறக்காமல் இருப்பது அந்த லாந்தர். ஓடி வந்து சேர்ந்த இடம், மனுஷன், சாப்பாடு, வெளிச்சம், எல்லாம் இருக்கிறது. அங்கேதான் அது இருக்கிறது.

போன நவம்பரில் வேலை முடிந்து பதினோரு மணிக்கு அந்த மேட்டில் வேண்டுமென்றே நடந்து பார்த்தேன். கார்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. இருட்டு என்னை ஒன்றும் செய்யவில்லை. மேடு முடிந்த பிறகு ஒரு கடையின் வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. உள்ளே கல்லாவில் இருந்தவர் எனக்கு முதுகைக் காட்டி ஏதோ அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் திரும்புவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

இன்னொன்று. உங்கள் கள்ளிக் கொப்புக் குழந்தையைப் படித்ததும் இங்கே சொல்கிற ‘உபுமே’ நினைவுக்கு வந்தது. பிரசவத்தில் செத்த பெண் ராத்திரி வழியில் நின்று, இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்பாள். வாங்கிக்கொண்டால் பிள்ளை கனத்துக்கொண்டே போகும். கடைசியில் பார்த்தால் கையில் இருப்பது கல்லாக இருக்கும்.

வடமராட்சியான் எழுதியது:

பிள்ளையைப் பிடியுங்கள் என்று கேட்கிறவள் எங்கள் நாட்டிலும் இருக்கிறாள் தம்பி. சிங்கள ஆட்கள் மோகினி என்பார்கள். வெள்ளை உடுப்பு, விரித்த கூந்தல், கையில் குழந்தை. இரவில் தனியே போகிற ஆம்பிளைகளை மறித்து, ‘ஒருக்கால் இந்தப் பிள்ளையைப் பிடியுங்கோ’ என்று கேட்பாளாம். லொறிக்காரர் எல்லோரிடமும் இந்தக் கதை இருக்கும்.

என் மாமா எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வெங்காய லொறி ஓட்டினவர். அவர் எனக்குச் சொன்னது இது. புத்தளம் பக்கம் காட்டு வீதி, விடியப்புறம் இரண்டு மணி இருக்கும். கூட வந்த பெடியன் நித்திரை. வெளிச்சத்தில் ஒரு பொம்பிளை, கையில் குழந்தை. கையைக் காட்டி மறிக்கிறாள். மாமா நிறுத்தவில்லை. அரை மைல் போன பிறகு நிறுத்தினார். இறங்கித் திரும்பிப் போவோமா என்று பத்து நிமிஷம் யோசித்துக்கொண்டு இருந்தாராம். பிறகு லொறியை எடுத்துக்கொண்டு கொழும்புக்கே போய்விட்டார்.

சின்ன வயசில் கேட்டபோது, மாமா தப்பிவிட்டார் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது அவராகவே மறுபடி இந்தக் கதையை எடுத்தார். ‘அவளின்ர கால் ரண்டும் நிலத்திலதான் நிண்டது. காலில சேறு இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சலோ தெரியாது’ என்றார். அந்தச் சேற்றை அவர் அதுவரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எனக்கு உடம்பு சில்லிட்ட இடம் அதுதான். பேயைப் பார்த்தேன் என்று ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு இருந்த மனிசன், பார்த்தது பேயில்லை என்று ஐம்பது வருஷமும் அறிந்திருக்கிறார்.

இரவுப் பணி செவிலி எழுதியது:

மேலே உள்ளதை எல்லாம் டியூட்டி முடிந்து பஸ்ஸில் படித்தேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

என்னுடையது டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய ‘குரங்கின் பாதம்’. பன்னிரண்டாவது படிக்கும்போது ஆங்கில டீச்சர் பாடத்துக்கு வெளியே எங்களுக்குச் சொன்ன கதை. உலர்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்று, இந்தியாவில் ஒரு பக்கிரி மந்திரித்தது, இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்கிறது. மூன்று வரம் தரும். அப்பா விளையாட்டாக 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் வேலை செய்யும் இடத்தில் இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போகிறான். நஷ்டஈடு 200 பவுண்டு. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அம்மா, அவனைத் திரும்ப வரச் சொல்லிக் கேளுங்கள் என்று நச்சரிக்கிறாள். வேறு வழியில்லாமல் கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டுகிற சத்தம்.

அம்மா ஓடுகிறாள். சங்கிலியை எடுக்கிறாள், கீழ்த் தாழ்ப்பாளைத் தள்ளுகிறாள். மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்கிறது. அப்பா இருட்டில் தரையைத் தடவி அந்தப் பாதத்தைத் தேடுகிறார். போட்டிருந்த துணியை வைத்துத்தான் மகனின் உடலை அடையாளம் கண்டேன் என்று சொன்னவர் அவர். பாதம் கையில் அகப்பட்டதும் மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். அவள் கதவைத் திறக்கும்போது தெருவில் யாரும் இல்லை. என்ன நின்றது என்று நமக்குக் காட்டவே இல்லை.

அந்த வயதில் வெளியே நின்றதை நினைத்துப் பயந்தேன். இப்போது பதினோரு வருஷமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளியே எத்தனையோ அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். ‘எப்படி வந்தாலும் பரவாயில்லை சிஸ்டர், எனக்கு வந்தா போதும்’ என்று அதே வார்த்தையை என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் அப்பாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது எனக்கு அந்த நாற்காலி இழுபடுகிற சத்தம்தான் பயம். தட்டுவது மகன். அம்மா திறக்கத்தான் செய்வாள். அப்பா திறக்கவிடக் கூடாது. இரண்டு பேருமே சரி. அந்த வீட்டில் பிறகு அவர்கள் எப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள்?

அமுக்குவான் பேய் பற்றி யாரும் சொல்லவில்லையே. நைட் முடித்துப் பகலில் தூங்கும்போது எனக்கு வந்திருக்கிறது. கண் திறந்திருக்கும், அறை தெரியும், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி கனக்கும், விரலைக்கூட அசைக்க முடியாது. கனவு காணும் தூக்கத்தில் கைகால் செயலற்று இருக்கும். அது தெளிவதற்குள் மூளை விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். தூக்கம் கெட்டவர்களுக்கு அதிகம் வரும். எனக்கு இதெல்லாம் தெரியும். அது வருகிற அந்த அரை நிமிஷத்தில் தெரிந்தது எதுவும் உதவவில்லை.

வண்ணாரப்பேட்டை வாசகி எழுதியது:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. பிச்சை கேட்டு வந்தவளை வீட்டுக்காரி பாவம் பார்த்து வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் வீட்டுக்குள் நடந்து போகும்போது கணவன் அவள் கால் தரையில் பாவுகிறதா என்று உற்றுப் பார்க்கிறான். என் இடம் அதுதான். பேய் வந்துவிட்டதால் பயம் இல்லை. வீட்டில் ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார், இன்னொருவர் அவளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த ஒரே வீட்டுக்குள் இரண்டு வீடு ஆகிவிட்டது. கடைசி வரை எது நிஜம் என்று புதுமைப்பித்தனும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் என் கண் தானாகவே கீழே போகும். அது தப்பு என்று எனக்கே தெரிகிறது, அந்த அம்மாக்கள் என்ன பாவம் செய்தார்கள்.

முப்பந்தல்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

வாத்தியார் ஐயா, எங்கள் ஊரில் அடுப்பங்கரையிலும் கொடையிலும் கேட்ட கதை தேவாரத்தில் இருக்கிறது என்று எனக்கு நேற்று வரைக்கும் தெரியாது. பதிகத்தை எடுத்து அந்த வரியை நானே படித்துப் பார்த்தேன். ‘ஒருத்தி’யைப் பற்றி நீங்கள் சொன்னது சரி.

வடமராட்சி அண்ணா, உங்கள் மாமா கதைக்கு என்ன பதில் எழுதுவது என்றே தெரியவில்லை. நான் இத்தனை வருஷமும் ஆனந்தன் செட்டி பக்கத்தில் நின்றுதான் இந்தக் கதையைப் பார்த்திருக்கிறேன். வழியில் நின்று அழுகிறவள் பொய் சொல்கிறாள் என்று கதை எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அதை நான் ஒரு நாளும் கேள்வி கேட்கவில்லை. உங்கள் மாமா பார்த்த சேறு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

நேற்று ராத்திரி இதையெல்லாம் என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குப் பதிமூன்று வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘அந்தச் செட்டி உள்ளேயிருந்து கதவைத் தட்டலையாம்மா? வெளியே எழுபது பேர் இருந்தாங்களே’ என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. ஆச்சி அந்த ராத்திரியைச் சொல்லவில்லை. நான் கேட்ட வில்லுப்பாட்டிலும், கதவை அடைத்தார்கள் என்றதும் அடுத்த அடி விடிந்தது என்றுதான் வரும்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. ‘தட்டாம இருந்திருப்பானா? புருசன் பொஞ்சாதிச் சண்டை, விடிஞ்சா சரியாப் போவும்னு படுத்திருப்பாவ’ என்றாள். உடனே, தண்ணி வந்துவிட்டது, மோட்டார் போடணும் என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் இருப்பது சென்னையில் ஒரு அடுக்குமாடியில். மேல்வீட்டிலிருந்து சில ராத்திரிகளில் சத்தம் வரும். கனமாக எதையோ இழுக்கிற மாதிரி, பிறகு சுவரில் ஏதோ படுகிற மாதிரி. அந்த வீட்டுக்கு ஒரு புருஷனும் மனைவியும் வந்து எட்டு மாதம் ஆகிறது. நேற்றும் சத்தம் வந்தது. மகளும் கேட்டாள், என்னைப் பார்த்தாள்.

நான் மேலே போய் மணி அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்தான் கதவைத் திறந்தாள், பாதி அளவுக்கு. ‘ஒண்ணும் இல்லக்கா, கட்டிலை நகர்த்தினோம்’ என்றாள். விளக்கு அவளுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது, முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் படியிலேயே நின்றிருந்தேன்.